கோடிட்ட இடத்தில் நாம் எழுதாதவை: வேதபாடக் குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேதபாடச் சிறு குழுக்களை நடத்துகிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

ஸ்தோத்திரம். உங்களைப் போல நானும் பல வருடங்களாக ஒரு சிறு குழுவை நடத்தி வருகிறேன். இந்த மடலில் சில குறைகளைச் சொல்லப்போகிறேன். அதில் பாதிக்கு மேல் என்னுடைய குறைதான், அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லூக்கா 4-ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாக எப்படி நடத்துகிறோம்? ஒரு வாரம் இயேசுவைப் பிசாசு சோதித்த வனாந்தரம், அடுத்த வாரம் அவருடைய சொந்த ஊரே அவரைத் தள்ளிய நாசரேத்து, அதற்கும் அடுத்த வாரம் கப்பர்நகூம் ஊர். வாரத்துக்கு ஒரு தாள். முதல் வாரத் தாளின் அடியில் ‘இப்போது நான் சந்திக்கும் சோதனை’ என்று போட்டு, பக்கத்தில் ஒரு கோடு இழுத்து விடுவோம். நானும் அப்படித்தான் ஒரு தாள் தயாரித்தேன். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து எழுதினார்கள். வேலைப்பளு என்றார் ஒருவர். ஜெபிக்க நேரம் கிடைப்பதில்லை என்றார் இன்னொருவர். செல்போன் அதிகம் பார்க்கிறேன் என்று இரண்டு பேர். எல்லாமே வெளியில் சொல்லக்கூடிய சோதனைகள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம்கூடச் சொல்லலாம்.

ஆறாவதாக இருந்த தம்பி தாளைப் பார்க்காமலே பேசினார். அலுவலகத்தில் பயணச் செலவுக் கணக்கில் மூன்று மாதமாகக் கூடுதலாக எழுதி வாங்குவதாகச் சொன்னார். முதல் தடவை தெரியாமல் நடந்த பிழையாம். யாரும் கேட்கவில்லை. அப்புறம் அது பழகிவிட்டது. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறாராம், முடியவில்லையாம். சொல்லிவிட்டு அந்தத் தாளை நான்காக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “சரி, பிரதருக்காக ஜெபிப்போம்” என்றேன். நீளமாகவே ஜெபித்தேன். ஆமென் சொன்னதும் அடுத்தவரைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க” என்றேன்.

அவரை யாரும் திட்டவில்லை. யாரும் தள்ளி உட்காரவுமில்லை. மறு வாரம் காணிக்கை எண்ணுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை, அவ்வளவுதான். பண விஷயம் என்பதால் அந்த முடிவுகூட சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அவரைக் கூப்பிட்டு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெபக்குறிப்பு என்ற பேரில் செய்தி நாலு வீட்டுக்குப் போயிருந்தது. இன்னும் இரண்டு வாரம் வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. ‘பின்மாற்றத்தில் போய்விட்டார்’, அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டார் என்று சொன்னோம். நாம் அனுப்பி வைத்த ஆளுக்கு அந்தப் பேர்.

தமிழில் ‘சோதனை’ என்ற சொல்லே நமக்கு ஒரு வசதியாகிவிட்டது என்று நினைக்கிறேன். பரீட்சையும் சோதனை, வியாதியும் சோதனை, கடனும் சோதனை, இச்சையும் சோதனை. “எங்க வீட்ல ஒரே சோதனை” என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வந்த கஷ்டத்தைத்தான் சொல்கிறார். மூலமொழியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், மொழிபெயர்ப்பில் தவறில்லை. ஆனால் குழுவில் நடப்பது என்ன? எனக்கு வந்ததைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். என்னை இழுப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டாலே பாதி மூடுபனி விலகும். ‘உங்கள் சோதனை என்ன’ என்பதை விட்டுவிட்டு, ‘தப்பு என்று தெரிந்தும் உங்களை எது இழுக்கிறது’ என்று கேட்டுப் பாருங்கள். கை உடனே தாளுக்குப் போகாது.

வனாந்தரத்தில் இயேசுவோடு சீஷர்கள் யாரும் இல்லை. லூக்காவின் வரிசைப்படி அவர் சீஷர்களைக் கூப்பிடுவதே அதற்குப் பிறகுதான். அப்படியானால் பிசாசு கல்லை அப்பமாக்கச் சொன்னது, ராஜ்யங்களைத் தருவதாகச் சொன்னது, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னது எல்லாம் சீஷர்களுக்கு எப்படித் தெரிந்தது? அவரே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. எந்த இரவில், யாரிடம் சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஆனால் தன்னை எது எப்படி அணுகியது, என்ன வார்த்தையில் பேசியது என்பதைத் தன் கூட இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். பாவமில்லாதவர் சொன்னார். நாம் செல்போன் என்று எழுதிவிட்டுத் தப்பிக்கிறோம்.

அடுத்து, அந்த அதிகாரத்தைத் துண்டு போடுவது. மத்தேயுவில் உப்பரிகை இரண்டாவது சோதனை, லூக்காவில் அதுதான் கடைசி. ‘தாழக் குதியும்’ என்கிறான் பிசாசு. தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்கிற 91-ஆம் சங்கீதத்தின் 11, 12 வசனங்களைச் சொல்கிறான். ‘உன் வழிகளிலெல்லாம்’ என்ற வார்த்தையை விட்டுவிடுகிறான். சர்ப்பத்தை மிதிப்பதைப் பற்றிய 13-ஆம் வசனத்துக்கு முன்னால் நிறுத்திக்கொள்கிறான். (பாதி வசனத்தைச் சொல்லி ஆளைத் தள்ளுவதில் அவனுக்கு நாமும் சளைத்தவர்கள் அல்ல.) இயேசு மூன்று பதிலையும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து எடுக்கிறார். வனாந்தரத்தில் நாற்பது வருடம் சோதிக்கப்பட்டுத் தோற்ற ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை. இதுவரை நாமும் நடத்துகிறோம்.

ஆனால் சில வசனங்கள் தள்ளிப் போனால் மறுபடி ஓர் உயரம் வருகிறது. இந்த முறை இயேசுவைத் தள்ளுவதற்குக் கூட்டிப் போகிறவர்கள் அவருடைய சொந்த ஊரான நாசரேத்துக்காரர்கள். மலைவிளிம்புவரை கொண்டு போய்விட்டார்கள். இப்போதாவது தூதர்கள் வந்து தாங்கினார்களா? லூக்கா அப்படி எழுதவில்லை. அவர்கள் நடுவிலிருந்து கடந்து போய்விட்டார் என்று மட்டும் சொல்கிறார். உப்பரிகையையும் மலைவிளிம்பையும் ஒரே மாலையில் சேர்த்து வாசிக்காவிட்டால் இது கண்ணில் படாது. கவர்ச்சிக்கு இசையாதவர் நிராகரிப்புக்கும் இசையவில்லை. கப்பர்நகூமில் ஜனங்கள் போகவிடாமல் பிடித்துக்கொண்டபோதும் அப்படித்தான், மற்ற ஊர்களுக்கும் போக வேண்டும் என்று கிளம்பிவிடுகிறார். கல்லெறிவது ஒரு சோதனை என்றால், மாலை போட்டு உட்கார வைப்பதும் ஒரு சோதனை. குழு நடத்துகிற நமக்கு இரண்டாவதுதான் அதிகம்.

நாசரேத்துப் பகுதியை நடத்தும்போது நாம் எல்லாரும் நம்மை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்று கவனித்திருக்கிறீர்களா? ‘தீர்க்கதரிசிக்குத் தன் ஊரில் மதிப்பில்லை’ என்றதும் ஆளுக்கு ஒரு கதை வரும். மாமியார் மதிக்கவில்லை, மேலாளர் மதிக்கவில்லை, சபையில் பாட விடவில்லை. எல்லாருமே தள்ளப்பட்டவர்கள். அப்படியானால் தள்ளினது யார்? ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குத் தவறாமல் வந்து, ஏசாயா வாசிக்கக் கேட்டு, முதலில் ‘எவ்வளவு கிருபையான வார்த்தை’ என்று வியந்தவர்கள். அதாவது நம்மைப் போன்ற ஒரு கூட்டம். ‘இந்த வேதவாக்கியம் இன்று நிறைவேறிற்று’ என்றபோதுகூட அவர்களுக்குக் கோபம் வரவில்லை. பழைய ஏற்பாட்டில் தேவ உதவி பெற்ற வெளி இனத்தாரான, சீதோன் பக்கத்து சரெப்தா விதவையையும் சீரியனாகிய நாகமானையும் சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். கிருபை வெளியாளுக்கும் உண்டு என்றால் நமக்கு என்ன தனி மரியாதை என்பதுதான் கோபம். அந்த வாரத் தாளில் ‘நீங்கள் நிராகரிக்கப்பட்ட நேரம்’ என்று ஒரு கேள்வி இருந்தால், ‘நீங்கள் நிராகரித்த ஆள்’ என்று இன்னொன்றும் இருக்கட்டும்.

உண்மையாயிருப்பது என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால், நான் லூக்கா 22-க்குப் போவேன். கடைசி இராப்போஜன மேசையில், தனக்கு வந்த சோதனைகளில் ‘என்னோடேகூட நிலைத்திருந்தவர்கள் நீங்களே’ என்று சீஷர்களைப் பார்த்து இயேசு சொல்கிறார். யாரிடம்? சற்று முன்புதான் யார் பெரியவன் என்று வாக்குவாதம் செய்தவர்களிடம். அடுத்த சில வரிகளில் பேதுரு மறுதலிக்கப்போவதையும் சொல்கிறார். அதையும் விழுவதற்கு முன்பே, ‘நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து’ என்று ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்கிறார். நாங்கள் அந்தத் தம்பியிடமிருந்து பொறுப்பை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தோம். அவர் திரும்பி வருவதற்கு ஒரு வேலையும் வைக்கவில்லை.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழுவில் சொல்வதெல்லாம் குழுவுக்குள்ளேயே இருக்கும் என்று நாம் வாக்குக் கொடுக்கிறோம். ஒரு குழந்தைக்கோ யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் அந்த வாக்கு நிற்காது, நிற்கவும் கூடாது. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மற்றபடி, சொன்னவர் அனுமதிக்காமல் ஜெபக்குறிப்பாகக்கூட வெளியே போகக் கூடாது. இனி யாராவது அந்தத் தம்பியைப் போலப் பேசினால், உடனே கண்ணை மூடிவிடாதீர்கள். ஜெபம் பத்து நிமிஷம் காத்திருக்கும். “இந்த மாதக் கடைசியில் அந்தக் கணக்கை எழுதும்போது நான் கூட இருக்கட்டுமா?” என்று கேட்கலாம். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதைச் சொல்ல மேலாளரிடம் போக வேண்டியிருக்கும். வாசல் வரைக்காவது நாம் துணைக்குப் போகலாம். எனக்கு அன்று இது ஒன்றும் தோன்றவில்லை. மணி ஆகிறது என்பதுதான் தோன்றியது.

போன வாரம் அவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் ஒன்னுமில்ல அண்ணே” என்றார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கணக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை.

வருகிற வாரம் எங்கள் குழுவில் மறுபடி லூக்கா 4. இந்தத் தடவை முழு அதிகாரமும் ஒரே மாலையில். தாளில் அந்தக் கோடு இருக்கிறது. அதை முதலில் நிரப்பி, சத்தமாக வாசிக்கப்போகிறவன் நான். குழு சுமுகமாக ஓட வேண்டும், என்னை எல்லாருக்கும் பிடிக்க வேண்டும், அதற்காக ஒரு ஆளை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்