ஆறே முக்கால் லட்சம் கோடி

திருவல்லிக்கேணி,
சென்னை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்குப் பெரிய நிம்மதி. இங்கே மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. உன் பேரனுக்குப் பதில் எழுத நேரம் கிடைத்தது.

கணித மேதை ராமானுஜன் என்றாலே எல்லோரும் சொல்லும் 1729 என்ற எண் மட்டும்தானா என்று கேட்டானாமே, சரியான கேள்வி. எனக்குப் பிடித்த எண் 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. இதற்கு 10,080 காரணிகள், அதாவது இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. 1729-க்கு எட்டே எட்டுதான்.

இப்படித் தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளில் மிஞ்சும் எண்களை அவர் 1915-இல் ஒரு நீண்ட கட்டுரையில் பட்டியல் போட்டார். பட்டியலின் கடைசி எண் இதுதான். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் இங்கே துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்!

எண்ணைப் பிரித்துப் பார். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. போகப்போக அடுக்கு, அதாவது ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறது என்பது, ஏறவே இல்லை. ஏன் என்று பையனுக்கு 18-ஐ வைத்துக் காட்டு. 18 என்பது 2×3×3. ஒரு 3-க்குப் பதில் 2 போட்டால் 12. இரண்டுக்கும் ஆறு காரணிகள்தான், ஆனால் 12 சிறியது. அதனால் 18-க்குப் பட்டியலில் இடமில்லை. சின்னப் பகா எண்ணுக்குத்தான் பெரிய அடுக்கு. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கச் சொல்: 7×5×3×3×2×2×2×2×2. 10,080 வந்துவிடும்.

இன்னொன்று. அந்தப் பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பார்த்தேன். அதே கடைசி எண் வந்து நின்றது! அண்ணன் இருக்கிறான், தம்பி இல்லை. கணக்குப் பொறி இல்லாமல் இவ்வளவு தூரம் போனவர் கையிலிருந்து ஒன்றே ஒன்று நழுவியிருக்கிறது என்பதில் அவர் உழைப்புதான் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. எல்லோரும் பகா எண்களையே கொண்டாடும்போது, எல்லோருக்கும் பங்கு கொடுக்கும் எண்களைத் தேடிப் போன மனசுடா அது.

பேரனுக்கு ஒரு கணக்கு: 3,60,360 என்ற எண் 1 முதல் 15 வரை எல்லாவற்றாலும் வகுபடும். ஆனாலும் பட்டியலில் இல்லை. 3,32,640-ஐயும் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏன் இல்லை என்று அவன் கைப்பட எழுதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்