நாயின் சட்டியில் கல்சியம் எங்கே?

ஆசிரியருக்கு,

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, பொதியில் வரும் நாய் உணவு சாதாரண குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வன்னியில் வீட்டுச் சமையலையே நாய்க்கும் வைப்பவர்கள் பலர். இணையத்தைப் பார்த்துப் பச்சை இறைச்சி போடத் தொடங்கியவர்களும் உண்டு. இருவரும் அதை இயற்கை உணவு என்றே சொல்கிறார்கள். இரண்டிலும் பெரும்பாலும் விடுபடுவது கல்சியம்.

இறைச்சியில் பொஸ்பரசு நிறைய, கல்சியம் மிகச் சொற்பம். சோற்றிலும் கல்சியம் மிகக் குறைவு. நாய்க்குக் கல்சியம் பொஸ்பரசுக்குக் குறையாமலும் அதன் இருமடங்கைத் தாண்டாமலும் கிடைக்க வேண்டும். குறைந்தால், இரத்தத்தில் அளவைச் சரிக்கட்ட உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும். வளர்ந்த நாயில் இது நீண்ட காலம் வெளியே தெரியாது. சோறும் சொதியும் மட்டுமோ, எலும்பில்லாத இறைச்சி மட்டுமோ தின்று வளரும் குட்டிக்குக் கால் வளையும், நடை நொண்டும், சிறு துள்ளலுக்கே எலும்பு முறியும். அதைப் பலர் 'வாதம்' என்று நினைத்து எண்ணெய் பூசுகிறார்கள்.

இதற்கு முட்டைக்கோதே போதும். கோதைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாகக் காயவிட்டு உரலில் மாவாக இடித்துத் துணியில் அரிக்க வேண்டும். நொறுங்கலாகப் போட்டால் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். 15 கிலோ நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு மட்டமாக அரைத் தேக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 2.5 கிராம். ஒரு முட்டையின் கோது இரண்டு நாளைக்குக் காணும்.

அதே நாய்க்கு ஒரு நாள் உணவு: வேகவைத்த சோறு 250 கிராம், முள்ளும் எலும்பும் நீக்கி வேகவைத்த மீன் அல்லது கோழி 250 கிராம், ஒரு முட்டை, குழைய வேகவைத்து மசித்த பூசணியோ முருங்கையிலையோ ஒரு கைப்பிடி, தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. காலையும் மாலையுமாகப் பிரித்து வைக்கலாம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. அதைப் பார்த்துச் சோற்றைக் கூட்டுங்கள், குறையுங்கள். ஈரல் கிழமைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கூடினால் விற்றமின் ஏ உடலில் தேங்கி நஞ்சாகும். கிழமையில் இரண்டு மூன்று நாளாவது கடல்மீன் இருந்தால் அயடினும் விற்றமின் டியும் சேரும். இரணைமடு, வவுனிக்குளத்துத் திலாப்பியா நல்ல புரதம்தான், ஆனால் அயடினுக்குக் கடல்மீனின் இடத்தைப் பிடிக்காது. எந்த மீனையும் அவித்தே கொடுங்கள். சில பச்சை மீன்களில் உள்ள ஒரு நொதியம் விற்றமின் பி1ஐ அழிக்கும். அவித்தால் அந்த நொதியம் செயலிழந்துவிடும்.

நெத்தலி, சூடை, கோழிக்கழுத்து ஆகியவற்றை முள்ளோடும் எலும்போடும் கொடுக்க விரும்பினால் பிரஷர் குக்கரில், எலும்பு விரலுக்கிடையில் மாவாக நசியும்வரை அவிக்க வேண்டும். மீனுக்கு அரை மணித்தியாலம், கழுத்துக்கு முக்கால் மணித்தியாலமாவது தேவை. அந்த நாளில் கோதுத்தூள் வேண்டாம். சாதாரணமாகச் சமைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் கிழிக்கும். கறியில் மிஞ்சிய எலும்பை எறிகிற பழக்கம் நிற்க வேண்டும்.

சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் வாதிடுகிறார்கள். 2013 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, மாப்பொருளைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயை விட நாயில் பல மடங்கு கூடியிருப்பதைக் காட்டியது. குறை சோற்றில் இல்லை, சோற்றின் மேல் ஊற்றுவதில்தான். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச்சோகை உண்டாக்கும். கொதிக்கவைத்தாலும் அந்த நச்சு போகாது. சொதியிலும் கறியிலும் வெங்காயம் இல்லாத வீடு ஏது? ஆகவே நாயின் பங்கைத் தாளிக்க முன்பே எடுத்து வையுங்கள். கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிய பின்பே அவியுங்கள்.

பச்சை உணவில் எனக்குப் பெரிய அச்சம் ஆடு, மாடு அடிக்கும் இடங்களில் நாய்க்கு எறியப்படும் ஈரலும் நுரையீரலும்தான். அவற்றில் நீர்க்கட்டி இருந்தால், அதைத் தின்ற நாயின் குடலில் எக்கினோகொக்கசு என்ற சிறு நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தோடு வந்து, கையாலும் கீரையாலும் மனித வயிற்றுக்குள் போய், நம் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும். பிள்ளைகள் நாயோடு மண்ணில் விளையாடும் முற்றங்கள் நம்முடையவை. கட்டியுள்ள உறுப்பை எரியுங்கள் அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நல்ல உறுப்பையும் சிறு துண்டாக வெட்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்கவையுங்கள். எல்லாப் பூச்சிக் குளிசையும் இந்தப் புழுவைக் கொல்லாது. பிரசிகுவாண்டல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

பொதி உணவிலிருந்து மாறும்போது முதல் நாளிலேயே முழுவதும் மாற்றினால் வயிற்றோட்டம் வரக்கூடும். கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் மாற்றுங்கள். நம் வெயிலில் சமைத்த சாப்பாடு சில மணித்தியாலத்தில் பழுதாகும். தின்னாமல் விட்டதை அரை மணித்தியாலத்தில் எடுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன அளவுகள் நலமான, வளர்ந்த நாய்க்கு மட்டுமே. குட்டி, சினை நாய், பாலூட்டும் நாய், சிறுநீரக நோயுள்ள நாய் ஆகியவற்றுக்குக் கணக்கு வேறு. உங்கள் விவசாயப் பக்கத்தில் கால்நடை வைத்தியர் ஒருவரைக் கொண்டு 5, 10, 15, 20 கிலோ நாய்களுக்கும் குட்டிகளுக்கும் தனித்தனி அளவு அட்டவணை ஒன்றை வெளியிட்டால், வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டிவைக்கப் பலர் இருக்கிறார்கள்.

வாசகர்,
மாங்குளம்