எலும்புக்குரிய வாரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரின் மருத்துவப் பக்கத்தில், புதிய வகை இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகி, மேலே செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகாணி) பொருத்தினால் ஆறு வாரத்தில் பல் வைத்துவிடலாம் என்று வந்த செய்தியைப் படித்தேன். ஜார்ஜ்டவுனில் பல் மருத்துவர்களுக்கு 26 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால், அதில் விடுபட்டதைச் சொல்ல விரும்புகிறேன்.

சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய டைட்டானியத் திருகாணி கடைந்தெடுத்த வழவழப்பானது. அந்த வகைக்குக் கீழ்த்தாடையில் மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருப்பது வழக்கம். பின்னர் வந்தவை, துகள்களைப் பீய்ச்சி அடித்து அமிலத்தில் தோய்த்துச் சொரசொரப்பாக்கியவை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் எடுத்துக் கொடுத்தவை வெள்ளிபோல் மின்னின. பிந்தியவை பென்சில் முனைபோல் மங்கிய சாம்பல் நிறம். அவற்றுள் ஈரத்தை ஈர்க்கும் ஒரு வகையின் நுனி இரத்தத்தைத் தொட்டவுடன், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மரைவழியே இரத்தம் ஏறும். அது உறைந்து உண்டாகும் நார்வலை சொரசொரப்பைப் பற்றிக்கொள்வதால், எலும்பு கட்டும் செல்கள் அதன்மீது நகர்ந்து வந்து திருகாணியின் உடம்பிலேயே வேலையைத் தொடங்குகின்றன. வழவழப்பானதில் வலை எளிதில் விலகிவிடும். எலும்பில் துளைத்த குழியின் சுவரிலிருந்தே எலும்பு வளர்ந்து வரவேண்டும்.

ஆனால் முதல் நாளின் இறுக்கம் பழைய எலும்பு தருவது. திருகும்போது நசுங்கிய அந்த எலும்பை உடல் கரைத்து, புதியதைக் கட்டி முடிக்கும் முன், ஏறக்குறைய இரண்டாவது வாரம் முதல் நான்காவது வாரம் வரை, பிடிப்பு தளரும். நல்ல மேற்பரப்பு இந்தத் தளர்ச்சியைக் குறைக்கும்; இல்லாமல் செய்துவிடாது. அப்போது வலியும் இருக்காது என்பதுதான் ஆபத்து.

என் நாத்தனாருக்கு ஒரு தனியார் கிளினிக்கில் "புது மாடல், சீக்கிரம் ஆறிடும்" என்று சொன்னார்கள். இனிப்புநீர் (சர்க்கரை நோய்) இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. மூன்றாவது வாரம் தற்காலிகப் பல்லால் முறுக்கைக் கடித்தார். ஐந்தாவது வாரம் விரலால் தொட்டாலே திருகாணி சுழன்றது, எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் என்பது எலும்பு உறுதியாக உள்ள, புகைக்காத, சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களை மனத்தில் வைத்துச் சொன்ன கணக்கு. இனி இம்பிளாண்ட் பற்றி எழுதும்போது அந்த நிபந்தனையையும் அதே வரியிலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவ உதவியாளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு