பச்சைக் குழந்தைக்கு ஒரு பாலாடை தண்ணீர்: தாய்ப்பால் ஆதரவுச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வீடு வீடாகப் போய்வரும் தொண்டர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரக் கூட்டங்கள் நடந்தன. கர்ப்பிணிகளுக்கான வகுப்பும் பிரசவித்தவர்களுக்கான வீட்டுச் சந்திப்பும் தொடர்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். பால்மாவு நிறுவனங்களின் நன்கொடை, காலண்டர், பேனா எதையும் சங்கம் தொடுவதில்லை. பால்மாவு விளம்பரத்தைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003இல் வந்த அதன் திருத்தமும் இருக்கும்போது அதில் விவாதத்துக்கு இடமில்லை.

அறிக்கையின் மீதிப் பகுதியை ஒரே கேள்விக்கு ஒதுக்குகிறேன். வெயில் ஏறத் தொடங்கியதிலிருந்து எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் வந்த கேள்வி அது: "ஒரு பாலாடை தண்ணி கொடுத்தா என்னம்மா ஆயிடும்?" பாலாடை என்றால் குழந்தைக்குப் புகட்டும் சிறு சங்கு.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்வரை தண்ணீர் வேண்டாம். அக்னி நட்சத்திரத்திலும் வேண்டாம். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். ஒரு நாளில் 750 மில்லி பால் குடிக்கும் குழந்தைக்கு அதிலேயே ஏறக்குறைய 660 மில்லி தண்ணீர் போய்விடுகிறது. பால் ஊட்டத் தொடங்கும்போது வருவது நீர்த்த பால். தாகத்துக்கு அதுதான் மருந்து. அதனால் வெயில் நாளில் குழந்தை அடிக்கடி வாய் வைத்துக் கொஞ்சநேரம் குடித்துவிட்டு விடுகிறதென்றால், "பால் பத்தல" என்று பதற வேண்டியதில்லை. டெல்லியில் கோடைகாலத்தில் நடத்தி 1991இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வும் இதையே காட்டியது: தண்ணீர் கொடுத்த குழந்தைகள் அந்த அளவுக்குத் தாய்ப்பாலைக் குறைத்துக்கொண்டன; உடலின் நீர்ச்சத்தில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை.

பாட்டிமார் சொல்வதில் பொருளே இல்லை என்று தொண்டர்கள் பேசிவிட வேண்டாம். பசும்பாலில் புரதமும் உப்பும் தாய்ப்பாலைப் போலச் சுமார் மூன்று மடங்கு. அதைக் குடித்து வளர்ந்த குழந்தைக்கு அந்த உப்பைச் சிறுநீரில் தள்ளக் கூடுதல் தண்ணீர் வேண்டியிருந்தது. அந்தப் பழக்கம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. இப்படி எடுத்துச் சொன்னால் பாட்டிமார் காது கொடுக்கிறார்கள். "தப்பு" என்று தொடங்கினால் நாம் வாசல் தாண்டியதும் பாலாடை வெளியே வந்துவிடும்.

பாலாடைக் கணக்கையும் பார்ப்போம். பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் குடிக்கும் சீம்பால் சில மில்லிதான். அந்த வயிற்றில் 10 மில்லி சர்க்கரைத் தண்ணீரையோ, பிறந்ததும் நாக்கில் தொட்டு வைக்கும் சேனைத் தண்ணீரையோ ஊற்றினால் ஒரு வேளைப் பாலுக்கான இடம் அடைந்துவிடும். குழந்தை தூங்கும், சப்பாது. சப்பாவிட்டால் மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும். நாலாம் நாள் "எனக்குப் பாலே இல்ல" என்று அந்தப் பெண் அழுவாள். உடனே வீட்டில் பால்மாவு டப்பா திறக்கப்படும். அளவு மீறித் தண்ணீர் கொடுத்தால் ஆபத்து வேறு மாதிரி. பிஞ்சுச் சிறுநீரகம் அதிகத் தண்ணீரை வேகமாக வெளியேற்றாது. இரத்தத்தில் உப்பு நீர்த்து, முகம் ஊதி, குழந்தை சோர்ந்து, வலிப்பு வரைக்கும் போகும். பால்மாவைக் கட்டுப்படியாக்க நீர்க்கக் கலக்கும் வீடுகளிலும் இதே ஆபத்துதான். சேனையில் தேன் சேர்ந்தால் இன்னொரு கேடு: அதிலிருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமி ஒரு வயதுக்குள் நரம்பைத் தாக்கும்.

காமாலைக்கு குளுக்கோஸ் தண்ணீர் கொடுப்பதும் வீண். மஞ்சள் நிறமி பெரும்பாலும் மலத்தோடுதான் வெளியேறும். மலம் இறங்கப் பால் வேண்டும். விக்கலுக்குத் தண்ணீர் வேண்டாம், மார்பில் போட்டால் போதும். ஆறு வாரத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தை நாலைந்து நாள் மலம் கழிக்காமல் இருக்கலாம். வயிறு மெத்தென்று இருந்து, கழிக்கும்போது இளக்கமாக வந்தால் அது மலச்சிக்கல் ஆகாது. வெற்றிலைக் காம்புக்கு அங்கே வேலை இல்லை.

நம் தொண்டர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் பிறந்து மூன்றாவது, நான்காவது நாள். குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, நாக்கு வறண்டிருக்கிறது, சிறுநீர் குறைவு, எழுப்பினாலும் எழவில்லை. வீட்டார் இதைத் தாகம் என்று எண்ணித் தண்ணீர் புகட்டுவார்கள். பல நேரம் அது பால் சரியாக இறங்காததால் வந்த நீரிழப்பு. இரத்தத்தில் உப்பு ஏறியிருக்கும். அந்த நேரத்தில் சட்டென்று வெறுந்தண்ணீர் ஏறினால் மூளை வீங்கும். அது மருத்துவமனையில் அளந்து, மெல்ல இறக்க வேண்டிய உப்பு. ஒரு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால், காரணம் எதுவானாலும் உடனே மருத்துவமனைதான். வழியிலும் மார்பில் போடச் சொல்லுங்கள். சப்பாவிட்டால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டலாம்.

பால் போதுமா என்று பார்க்க நம்மிடம் இருப்பது கோமணத் துணியும் தராசும். முதல் நாள் ஒரு துணி நனைந்தால் போதும், இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நனைய வேண்டும். சிறுநீர் வெளிறியிருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை படுவது சகஜம். ஐந்தாம் நாளிலும் படிந்தால் பால் பற்றவில்லை. டயப்பர் கட்டும் வீட்டில் நனைந்ததே தெரியாது. காய்ந்த டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிக் காட்டுங்கள், அந்தக் கனம் தாய்க்குப் பிடிபட்டுவிடும்.

எடையை உடுப்பில்லாமல், ஒரே தராசில், துணியின் எடையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாட்களில் பிறப்பெடையில் கொஞ்சம் குறையும். 7 சதவீதம் குறைந்தாலே பால் கொடுக்கும் முறையைப் பாருங்கள், 10 தாண்டினால் மருத்துவர். இரண்டு வாரத்தில் பிறப்பெடை திரும்ப வேண்டும். பிறகு முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும். 100 கிராம் கோடு போட்ட தொங்கு தராசில் ஒரு வாரத்து ஏற்றம் இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும், நம்ப முடியாது. ஆகவே மின்தராசு வாங்கச் செயற்குழு ஒப்புதல் தர வேண்டும்.

நனையும் துணியோ எடையோ குறைந்தால் குழந்தை வாய் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, தாடை மார்பில் படிந்து, கருவட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் வலிதான் மிச்சம். நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டும், இரவும் சேர்த்து.

இதில் எனக்குக் கோபம் வரும் ஒன்றும் உண்டு. தண்ணீர் வேண்டாத குழந்தைக்குப் புகட்டும் அதே வீட்டில், "பச்ச உடம்புக்காரி, வயிறு பெருத்துடும்" என்று தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறார்கள். அவளுக்குத் தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். தாகத்துக்கு மேல் குடம் குடமாகக் குடித்தாலும் பால் அதிகமாகச் சுரக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

விதிவிலக்குகள்: மருத்துவர் எழுதிய சொட்டு மருந்து, தினம் 400 யூனிட் வைட்டமின் டி, வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பாலோடு ஓ.ஆர்.எஸ். கரைசல். கிரைப் வாட்டரும் உரைமருந்தும் இதில் சேராது. ஆறு மாதம் முடிந்து கூழ், குழைத்த சோறு தொடங்கியதும், சாப்பாட்டோடு கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறு டம்ளரில் இரண்டு மூன்று மடக்காகக் கொடுக்கலாம், புட்டி வேண்டாம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, மேலே சொன்ன மின்தராசு. இரண்டு, கர்ப்பிணி வகுப்புக்குத் தாயை மட்டும் அழைக்காமல் மாமியாரையும் அம்மாவையும் சேர்த்து அழைப்பது. பாலாடை இருப்பது அவர்கள் கையில்தான். அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்