கான்பெராவுக்குத் தனி ஃபுட்டி அணி: மைதானத்துக்கு முன் பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லில் 19ஆவது அணியாக டாஸ்மேனியா 2028இல் களமிறங்குகிறது என்றானதிலிருந்து, 20ஆவது அணிக்கான உரிமம் எந்த ஊருக்குப் போகும் என்ற பேச்சு சூடுபிடித்திருக்கிறது. டார்வின், கான்பெரா, பெர்த்துக்கு மூன்றாவது அணி என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. கான்பெராவுக்கே அது கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இங்கே நடக்கும் விவாதம் முழுக்க மைதானத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. காரியம் கெடுவதானால் அது சிட்னியின் ஜயன்ட்ஸ் அணியோடு நம் பிரதேச அரசு செய்த ஒப்பந்தத்தாலும் அந்த அணியின் இளையோர் அகாடமி எல்லையாலும்தான் கெடும். இவ்விரண்டைப் பற்றியும் யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் ஏன் 20 அணிகள் என்பதைப் பார்ப்போம். இப்போது 18 அணிகள், சுற்றுக்கு 9 ஆட்டங்கள். 19ஆவது அணி வந்தாலும் 9 ஆட்டங்கள்தான் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓர் அணி சும்மா உட்கார வேண்டியிருக்கும். 20 அணிகள் இருந்தால்தான் 10ஆவது ஆட்டம் பிறக்கும். தொலைக்காட்சிக்கு விற்பது ஆட்டங்களைத்தான். இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2025 முதல் 2031 வரை ஏழு ஆண்டுகளுக்கு, மதிப்பு 450 கோடி டாலர். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது வாரத்துக்கு ஓர் ஆட்டம் கூடுதலாகக் கையில் இருப்பதை லீக் விரும்பாமல் இருக்காது. ஆகவே 20ஆவது அணி வருமா என்பதை விட, எப்போது, எங்கே என்பதே கேள்வி.

திறமையை மட்டும் வைத்துப் பார்த்தால் டார்வினுக்கு முன்னால் எந்த ஊரும் நிற்க முடியாது. ரியோலி குடும்பம், மைக்கேல் லாங், ஆண்ட்ரூ மெக்லியோட் என்று வடக்குப் பிரதேசம் தந்த பூர்வகுடி ஆட்டக்காரர்களின் வரிசை இந்த விளையாட்டின் பெருமை. ஆனால் டார்வினின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். மெல்பர்னிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் போக வேண்டும். அங்குள்ள லீக் மழைக்காலத்தில், அக்டோபர் முதல் மார்ச் வரை நடக்கிறது. ஏஎஃப்எல்லோ மார்ச்சில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. ஊரின் விளையாட்டு நாட்காட்டியையே புரட்டிப் போட வேண்டும். ஆண்டுக்கு 11 ஆட்டங்களுக்கு ஆளும் விளம்பரதாரரும் சேர்ப்பது அங்கே மிகக் கடினம். பெர்த்தில் பணம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனால் மூன்றாவது அணி புதிய ரசிகரை உருவாக்காது, இருப்பவரைப் பங்கு போடும்.

கான்பெராவில் நாலே முக்கால் லட்சம் பேர் வாழ்கிறோம். குயின்பியன் வாசலிலேயே இருக்கிறது. இரண்டரை மணி நேரப் பயணத்தில் வாகா வாகா. அந்த ரிவரினா பகுதி வெய்ன் கேரியையும் பால் கெல்லியையும் தந்தது. கான்பெராவின் கணக்கும் சின்னதல்ல. ஆஸ்திரியாவில் பிறந்து, அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக இங்கே வந்து, ஈஸ்ட்லேக் கிளப்பில் ஆடி வளர்ந்தவர் அலெக்ஸ் ஜெசாலெங்கோ. 1970 இறுதி ஆட்டத்தில் அவர் எம்பிப் பிடித்த பந்து இன்றும் பேசப்படுகிறது. எஸண்டனின் ஜேம்ஸ் ஹேர்ட் இந்த ஊரின் ஏன்ஸ்லி கிளப்பிலிருந்து போனவர். செயின்ட் கில்டாவின் தலைவராக இருந்த ஜாக் ஸ்டீலும், ஜயன்ட்ஸின் டாம் கிரீனும் நம் ஊர்க்காரர்களே. எல்லாரும் வெளியே போய்த்தான் ஆட வேண்டியிருந்தது.

எதிர்வாதங்களையும் மறைக்க வேண்டியதில்லை. இது ரக்பி ஊர். இங்குள்ள ரக்பி அணிகளில் ரெய்டர்ஸ் 1989, 1990, 1994 ஆண்டுகளில் கோப்பை வென்றது. பிரம்பீஸ் 2001, 2004இல். குளிர்காலத்து விளம்பரப் பணத்தின் பெரும்பகுதி அந்த இரண்டுக்கும் போகிறது. மற்றொன்று இன்னும் நுட்பமானது. அரசு வேலைக்காக மெல்பர்ன், அடிலெய்டு, பெர்த்திலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் அணியையும் உடன் கொண்டு வருகிறார்கள். மெல்பர்னின் காலிங்வுட் அணி ஆட வந்தால் மைதானம் நிறையும், ஆனால் நிறைப்பவர்கள் காலிங்வுட் ரசிகர்கள். அவர்களை மாற்றப் பார்ப்பது வீண் முயற்சி. அவர்களுடைய பிள்ளைகளை இந்த ஊர் அணியின் ரசிகர்களாக்க முடியும். அதற்கு ஒரு தலைமுறை ஆகும். கங்காலின் போன்ற புதிய பகுதிகளில் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கோ பாட்டன் வழி வந்த ஃபுட்டி அணி எதுவும் கிடையாது. ஆஸ்கிக் வகுப்பில் பந்து உதைக்கப் பழகும் அவர்களே இப்படியொரு கிளப்பின் முதல் ரசிகர்களாவார்கள்.

இனி யாரும் பேசாத விஷயம். கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி ஜயன்ட்ஸ் அணி 2012இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து கான்பெராவைத் தன் இரண்டாவது வீடாக வைத்திருக்கிறது. இங்குள்ள மனுகா ஓவல் மைதானத்தில் ஆண்டுக்கு மூன்று ஆண்கள் ஆட்டங்கள். அதற்காக நம் பிரதேச அரசு பணம் கொடுக்கிறது. 2022இல் புதுப்பித்த ஒப்பந்தம் பத்து ஆண்டுகளுக்கு 2 கோடியே 85 லட்சம் டாலர். 2032 வரை ஓடும். ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிவது 2031, ஜயன்ட்ஸ் ஒப்பந்தம் முடிவது 2032. இவ்வளவு பொருத்தமான வாய்ப்பு மறுபடி அமையாது. ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் கடைசி ஆண்டில் பேசப்படுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டு முன்பே சத்தமில்லாமல் நீட்டிக்கப்பட்டுவிடும். அப்படி இன்னொரு பத்தாண்டு நீட்டித்துவிட்டால் 20ஆவது உரிமம் வேறு ஊருக்குப் போய்விடும். 2029இல் இந்தப் பேச்சு தொடங்கும்போது, நீட்டிப்பதானால் ஓராண்டு ஓராண்டாகவே, உரிமம் கிடைத்தால் விலகிக்கொள்ளும் விதியுடனே என்று அரசு நிற்க வேண்டும்.

அதைவிடச் சிக்கலானது அகாடமி. சிட்னி, ஜயன்ட்ஸ், பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் ஆகிய நான்கு வடக்கு அணிகளும் தங்கள் பகுதிச் சிறுவர்களைத் தாங்களே பயிற்றுவித்து, கிளப்புகள் புதிய வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில் அவர்களை எடுத்துக்கொள்ள முன்னுரிமை பெற்றிருக்கின்றன. வேறொரு கிளப் அந்தப் பையனைக் கேட்டால், தன் மற்ற டிராஃப்ட் தேர்வுகளுக்குரிய புள்ளிகளை ஈடாகக் கொடுத்து அவனைத் தக்கவைத்துக்கொள்ளலாம். ஜயன்ட்ஸின் அகாடமி எல்லைக்குள் கான்பெராவும் ரிவரினாவும் வருகின்றன. சிட்னியின் மேற்குப் புறநகரில் இந்த விளையாட்டு இன்னும் ஆழமாக வேர்விடவில்லை. அந்த அகாடமியிலிருந்து மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்தவர்கள்தான். டாம் கிரீனை 2019 டிராஃப்டில் ஜயன்ட்ஸ் எடுத்தது இந்த வழியில்தான்.

கான்பெராவுக்குத் தனி அணி வந்தால் இந்த எல்லை அதற்குத்தான் சேர வேண்டும். ஜயன்ட்ஸ் அதை எளிதில் விட்டுக்கொடுக்காது. அதன் நிலையில் யார் இருந்தாலும் விடமாட்டார்கள். எல்லையைப் பிரிக்காமல் உரிமம் மட்டும் வந்தால், உள்ளூர்ப் பிள்ளைகள் இல்லாத அணி ஒன்று நம் ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டு ஆடும். பிரித்தால் ஜயன்ட்ஸ் வற்றிப்போகும். இதற்குத் தீர்வு உண்டு: ஏற்கெனவே அகாடமியில் சேர்ந்துவிட்ட வயதினரை ஜயன்ட்ஸ் வைத்துக்கொள்ளட்டும், 13 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் புதிய அணியின் கணக்கில் எழுதட்டும். அணி இறங்க ஐந்து ஆண்டு இருக்கும்போது இதைத் தொடங்கினால், முதல் டிராஃப்டுக்குள் அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் 18 வயதை நெருங்கிவிடுவார்கள். உரிமம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஐந்து ஆண்டு வீணாகும்.

அவசரமாகக் கட்டிய அணி என்ன ஆகும் என்பதற்கு கோல்ட் கோஸ்ட் சாட்சி. 2009இல் இளையோர் லீக், 2010இல் ஏஎஃப்எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான விஎஃப்எல், 2011இல் ஏஎஃப்எல் என்று மூன்றே ஆண்டில் மேலே தூக்கிவிட்டார்கள். 2010 டிராஃப்டின் முதல் மூன்று தேர்வுகளும் அவர்களுக்கே கொடுக்கப்பட்டன. ஜீலாங்கின் கேரி ஏப்லெட்டைப் பெரும் சம்பளத்துக்கு இழுத்தார்கள். ஆனால் பயிற்சிக்கு நிரந்தரக் கட்டடம் இல்லை. பல ஆண்டு தற்காலிகக் கொட்டகைகளில் காலம் தள்ளினார்கள். 18 வயதுப் பையன்கள் வீட்டை விட்டு வந்து, தோல்வி மேல் தோல்வி பார்த்து, முதல் ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பினார்கள். சார்லி டிக்சன் 2015இல் போனார். 2016இல் டயன் பிரெஸ்டியாவும் ஜேகர் ஓமேராவும், 2018இல் டாம் லிஞ்சும் ஸ்டீவன் மேயும் போனார்கள். இடையில் ஏப்லெட்டே ஜீலாங் திரும்பிவிட்டார். முதல் முறை ஃபைனல்ஸ் சுற்றுக்குள் நுழைய 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரக்பி நட்சத்திரங்களை வாங்கி ஆள் சேர்க்கும் வித்தையும் பலிக்கவில்லை. ஜயன்ட்ஸ் கொண்டுவந்த இஸ்ராயல் ஃபொலாவ் ஒரே பருவத்தில் விலகினார். ரக்பி ஊரான கான்பெராவில் இந்த ஆசை மறுபடி தலைதூக்கும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

ஓர் அணிக்கு 40க்கு மேற்பட்ட ஆண் வீரர்கள், 30 பெண் வீரர்கள், கீழ்நிலை லீக்கில் ஆட ஒரு அணி, பயிற்சியாளர், மருத்துவர், ஊழியர் என்று பட்டியல் நீளும். ஆண் வீரர்களின் சம்பளம் மட்டுமே ஆண்டுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலரைத் தாண்டும். சிறிய கிளப்புகளுக்கே மொத்தச் செலவு 4 கோடி டாலருக்கு மேல் போகிறது. கோல்ட் கோஸ்ட், ஜயன்ட்ஸ் இரண்டையும் லீக் இன்றுவரை பெரும் மானியம் கொடுத்துத்தான் நடத்துகிறது. கான்பெராவுக்கும் அது வேண்டியிருக்கும். எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு என்பது உரிம ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். டாஸ்மேனியா விஷயத்தில் அணிக்கும் உள்ளூர் ஆட்டத்துக்கும் சேர்த்து பத்து ஆண்டில் 36 கோடி டாலர் என்று லீக் எழுத்தில் கொடுத்தது. அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

டாஸ்மேனியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது மைதான நிபந்தனை. ஹோபார்ட்டின் மக்வாரி பாயிண்டில் கூரையிட்ட 23,000 இருக்கை மைதானம் கட்டினால்தான் அணி என்று 2023இல் கையெழுத்தானது. 71.5 கோடி டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 94.5 கோடியாகி, பிறகு 113 கோடியாயிற்று. மாநிலத் திட்ட ஆணையம் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஒளி ஊடுருவும் கூரையின் நிழல் ஆடுகளத்தில் விழும், டெஸ்ட் ஆட்டத்துக்கு ஒத்துவராது என்று கிரிக்கெட் அமைப்புகளும் எதிர்த்தன. 2025 டிசம்பரில் மேலவை ஒப்புதல் தரும்வரை அணியின் உயிரே அந்தரத்தில் தொங்கிற்று. பத்து டாலர் கொடுத்து உறுப்பினரான லட்சக்கணக்கான மக்களை இப்படிக் காக்க வைத்தது அநியாயம்.

நம்மிடம் இருப்பது என்ன? புரூஸில் உள்ள 25,000 இருக்கை அரங்கம் ரக்பிக்கான செவ்வகம். ஃபுட்டிக்குக் குறைந்தது 135 மீட்டர் நீளமும் 110 மீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம் வேண்டும், அங்கே இடமில்லை. மனுகா ஓவல் அளவில் கச்சிதம், 2013இலிருந்து இரவு விளக்குகளும் உண்டு. 2019 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட்தான் அங்கே நடந்த முதல் டெஸ்ட் என்பது நம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். குறை இரண்டு: 16,000 பேருக்கு மேல் கொள்ளாது, சுற்றிலும் வீடுகள் இருப்பதால் வண்டி நிறுத்த இடமில்லை. 2016இல் ஜயன்ட்ஸும் ஒரு கட்டுமான நிறுவனமும் சேர்ந்து, அடுக்குமாடிக் குடியிருப்பும் விடுதியும் உள்ளிட்ட 80 கோடி டாலர் திட்டம் ஒன்றை நீட்டின. குடியிருப்போர் கொதித்தெழுந்தார்கள், அரசு மறுத்தது. மறுத்ததே சரி.

ஜீலாங் செய்ததைச் செய்யலாம். கார்டினியா பூங்காவை அவர்கள் ஒரே மூச்சில் இடித்துக் கட்டவில்லை. 2003இல் தொடங்கி ஐந்து கட்டங்களாக, ஒவ்வொரு மாடமாக மாற்றி, ஏறத்தாழ இருபது ஆண்டில் 40,000 இருக்கைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இருபது ஆண்டிலும் அணி அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது. மனுகாவில் முதல் கட்டமாக ஒரு பக்கத்துப் புல்மேட்டில் மட்டும் இருக்கை மாடம் எழுப்பி 20,000த்தை எட்டினால் தொடங்கப் போதும். கோல்ட் கோஸ்ட்டின் அரங்கமே 25,000தான். கூரை ஒன்று அவசியம். ஆடுகளத்துக்கு அல்ல, பார்ப்பவர் தலைக்கு. 2019 ஆகஸ்ட்டில் மனுகா ஆட்டத்தின்போது பனி கொட்டியது. ஜூலை இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே போகும் ஊரில், திறந்த மேட்டில் பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் யாரும் உட்கார மாட்டார்கள். இரவு ஆட்டத்தில் பனி ஈரத்தால் பந்தும் வழுக்கும். மே முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறு பிற்பகல் ஆட்டங்களே வேண்டும் என்று லீக்கிடம் எழுதி வாங்குவது, ஒரு மாடம் கட்டுவதைவிடக் கூட்டத்துக்கு அதிகம் உதவும்.

அணிக்கு முன் விஎஃப்எல்லில் கான்பெராவுக்கு ஓரிடம் வேண்டும். ஈஸ்ட்லேக் நடத்திய கான்பெரா டீமன்ஸ் விலகியதும், அது ஆடிய இரண்டாம் நிலை லீக்கான நீஃபெல்லே மூடப்பட்டதும், ஏன்ஸ்லி, பெல்கானன், குயின்பியன் கிளப்புகளில் ஆடும் 20 வயது இளைஞனுக்கு மேலே ஏறப் படியே இல்லாமல் செய்துவிட்டன. டாஸ்மேனியா 2028க்கு முன்பே விஎஃப்எல் அணி தொடங்கியது இதற்காகத்தான். கிளப்பின் அலுவலகம், மருத்துவக் குழு, உறுப்பினர் பட்டியல் எல்லாமே அங்கேதான் பழகும். ஆகும் செலவும் ஏஎஃப்எல் அணியின் செலவில் சிறு பங்குதான்.

பிரதேசத் தேர்தல் 2028 அக்டோபரில் வருகிறது. வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம் மைதானம் கட்டுவீர்களா என்று கேட்டால் கட்டுவோம் என்றுதான் பதில் வரும். 2032க்குப் பின் ஜயன்ட்ஸ் ஒப்பந்தத்தை எத்தனை ஆண்டுக்கு நீட்டுவீர்கள், அகாடமி எல்லையைப் பற்றி லீக்கிடம் எழுத்தில் கேட்டீர்களா, விஎஃப்எல் அணிக்கு எந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கங்காலின், கான்பெரா