எங்கும் மகுடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் காடுகளில் பெரும்பகுதி 'மகுடத்துக்குச் சொந்தமானது' என்று சென்ற இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் படித்தேன். மகுடத்தைக் குறிக்கும் 'கிரவுன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அங்கே பொருள் அரசு. 'அரசு நிலம்' என்று எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பம் வந்திராது. அதே இதழின் மருத்துவப் பக்கத்தில் 'பல் கிரீடம்' வேறு! வேர்சிகிச்சைக்குப் பின் பல்லின் மேல் பொருத்துவது உறை. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து எல்லா இடத்திலும் வைத்துவிடுவதால் வரும் வினை இது.

'கிரவுன்' பிறந்தபோது அதில் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. வளைந்ததைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீனில் 'கொரோனா' ஆனது. அதற்குத் தலையில் அணியும் மாலை என்று பொருள். போரில் சக குடிமகனின் உயிரைக் காத்த ரோமானிய வீரனுக்குக் கிடைத்த பெருமைமிக்க 'கொரோனா', ஓக் மர இலைகளால் கட்டியது. பிரெஞ்சு வழியாகத்தான், 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு, இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மூவேந்தர் நினைவு வரும். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று அவர்களின் அடையாளமும் பூதானே! இன்றும் பூச்சூடுகிறோம், முடிசூட்டுகிறோம். இரண்டுக்கும் வினை ஒன்றே. 'முடி' என்ற நம் சொல்லின் வளம் இன்னும் பெரிது. கூந்தலும் முடி, அதை அள்ளிக் கட்டுவதும் முடிதல், கட்டியது முடிச்சு, மலையின் உச்சியும் முடி, மன்னன் தலையில் இருப்பதும் முடி. இத்தனையையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் பெயர்க்க யாராவது துணிவார்களா? 'கிரவுன்' விஷயத்தில் மட்டும் நாம் ஏன் துணிகிறோம்?

முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவன் நான். 'கிரவுன் 1/8' என்று நூல் அளவைக் குறிப்பிடாத நாளில்லை. 15க்கு 20 அங்குலத் தாளுக்கு, அதில் முன்பு இருந்த முடி வடிவ நீர்க்குறியால் (ஒளியில் பிடித்தால் தாளில் தெரியும் குறி) வந்த பெயர் அது. அச்சகத்தில் அதை யாரும் 'மகுட அளவு' என்று சொன்னதில்லை. ஸ்வீடனின் குரோனாவும் செக் நாட்டின் கொருனாவும் அதே வேரிலிருந்து வந்த நாணயப் பெயர்களே. அவற்றையும் பெயர்க்காமல் விட்டுவிடுகிறோம். முழுச் சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிக்கும் கொரோனா என்று பெயர். அந்தத் தோற்றத்தை ஒத்திருந்ததால்தான் 1968இல் ஒரு வைரஸ் குடும்பத்துக்கு அப்பெயர் வைத்தார்கள்.

அடுத்த இதழில் அந்த இரண்டு இடங்களுக்கும் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்: 'அரசு நிலம்', 'பல் உறை'.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்