நெஞ்சை மூடும் முன் ரத்த ஓட்டத்தை அளந்து எழுதுங்கள்

டெல்டா மாவட்டங்களில் பைபாஸ் ஆபரேஷன் செய்யும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் பொதுப்பணித் துறையில் லஸ்கராக, அதாவது ஆற்று மதகின் ஷட்டரையும் தண்ணீர் அளவையும் பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஆறு மூன்றாகப் பிரியும். கோரையாற்றங்கரையில்தான் என் காலம் போனது. விடிந்ததும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஷட்டருக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு, இரண்டையும் எழுதணும். மேலே மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். கீழே எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தாலும் மேலே தண்ணீர் கரை முட்ட நிற்கும். அதே நேரத்தில் முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில் நாற்று காய்ந்துகொண்டிருக்கும்.

போன வருஷம் என் அண்ணனுக்கு பைபாஸ் நடந்தது. அடைப்பைத் தாண்டி ரத்தம் போக, மூன்று இடத்தில் வேறு குழாயை வைத்து ஒட்டுப் போட்டார்கள். ஒன்றுக்கு நெஞ்சுக்குள் இருக்கிற தமனி, மற்ற இரண்டுக்கும் காலிலிருந்து எடுத்த நரம்பு. (ஊரில் நரம்பு என்றுதான் சொல்வோம். அது ரத்தக்குழாய்தான்.) இரண்டாம் நாள் ராத்திரி நெஞ்சைப் பிசைகிறது என்றார். ஈசிஜி மாறியிருந்தது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கால் நரம்பில் ஒன்று மடங்கிக் கிடந்திருக்கிறது. சரிசெய்து காப்பாற்றிவிட்டார்கள். அந்த டாக்டருக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். அவர் எதையும் ஒளிக்கவில்லை. "முதல் நாள் விரல் வைத்துப் பார்த்தேன், நல்லாத்தான் துடிச்சுது" என்றார். "ஓட்டத்தை அளந்தீங்களா ஐயா?" என்று கேட்டேன். அதற்கான கருவி அங்கே இல்லை.

அவர் சொன்ன துடிப்பு எனக்குச் சட்டென்று புரிந்தது. ரத்தம் போய்ச் சேரும் பக்கம் அடைத்திருந்தாலும் குழாய் துடிக்கும். ஷட்டருக்கு மேலே நிற்கிற தண்ணீர் அது.

அப்புறம் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். அந்தக் கருவியின் நுனியில் கொக்கி மாதிரி ஒரு சின்ன புரோப். ஒட்டிய குழாயை அதற்குள் வைத்து, இடைவெளியில் ஜெல் தடவுகிறார்கள். ரத்தம் போகும் திசையிலும் எதிர்த்திசையிலும் அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்புகிறது. ஓட்டத்தோடு போகிற அலை முந்தி வரும், எதிர்த்து வருவது பிந்தும். அந்த நேர வித்தியாசத்திலிருந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி என்று திரையில் காட்டிவிடும். சில நிமிட வேலை. ஓட்டம் 20 மில்லிக்குக் கீழே, பல்சட்டிலிட்டி இண்டெக்ஸ் 5-க்கு மேலே என்றால் ஒட்டில் கோளாறு இருக்கலாம், தியேட்டரை விட்டு வெளியே வரும் முன்பே சரிசெய்ய வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2010-லேயே எழுதியிருக்கின்றன. 20 மில்லி என்பது நாலு தேக்கரண்டி. அந்த இண்டெக்ஸ், அதிகபட்ச ஓட்டத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சராசரியால் வகுத்து வருவது. கடல் ஏறும்போது முகத்துவாரத்தில் தண்ணீர் முன்னும் பின்னும் அலைவதைப் பார்த்திருக்கிறேன். எண் ஏறினால் குழாய்க்குள் ரத்தமும் ஏறக்குறைய அப்படித்தான் அலைகிறது.

எண்ணை மட்டும் நம்பி, ஒட்டியதைப் பிரிக்கச் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தாலோ, இதயத்தின் குழாயே சின்னதாக இருந்தாலோ, பழைய குழாயிலும் ரத்தம் வந்துகொண்டிருந்தாலோ ஓட்டம் குறைவாகக் காட்டும். அது உங்களுக்குத் தெரியாததா? அளவு குறைந்தால் நாங்களும் உடனே ஷட்டரைத் தூக்க மாட்டோம், கரையோடு நடந்து போய்ப் பார்ப்போம். ஆனால் நோட்டில் எண் இருந்தால்தானே நடக்கவே தோன்றும்?

1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தபோது இந்தக் கருவி கிடையாது. இன்று இருக்கிறது. விலை அதிகம், புரோபுக்கும் ஆயுள் உண்டு, தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கிறது. கடைமடைக்காரர்கள் பலர் அதை நம்பித்தான் வருகிறார்கள். பைபாஸுக்கான தொகையில் இந்த அளவீட்டையும் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்டால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள். நான் கேட்டால் யார் கேட்பார்கள்?

அண்ணனின் டிஸ்சார்ஜ் சம்மரி இப்போது என் முன்னால் இருக்கிறது. மூன்று ஒட்டுகளின் பெயரும் வரிசையாக டைப் அடித்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்கிறது. அடுத்து வருகிறவருக்கு அங்கே இரண்டு எண்கள் எழுதுங்கள் ஐயா: ஓட்டம் எத்தனை மில்லி, இண்டெக்ஸ் எவ்வளவு.

இப்படிக்கு,
கோரையாற்றங்கரையிலிருந்து ஓய்வு பெற்ற லஸ்கர் ஒருவர்